அகிம்சைப் போராட்டத்துக்கு கூட்டத்தை சம்மதிக்க வைக்கறது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருக்காக எழுதினது?

கடலூர்லயும் புதுச்சேரியிலயும் நாங்க சில பேர் சேந்து காலேஜ் பசங்க, மகளிர் குழு அக்காங்க, மீனவ கிராமத்து இளைஞர்கள்னு வர்றவங்களுக்கு மேடையில பேசப் பழக்கறோம். ஒரு ஊர்ப் பிரச்சினைக்காக கூட்டம் போட்டு "அடிதடி வேணாம், ஆனா விடவும் மாட்டோம்"னு சொல்லி ஜனங்களை சம்மதிக்க வைக்கணும்னா எப்படி பேசறது, இதுக்கு முன்னாடி பேசினவங்க என்ன சொல்லி ஜெயிச்சாங்க, எந்த வாதம் எடுபடாம போச்சு, இதெல்லாம் கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதை ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கோம். எனக்கு அகிம்சை வழியில முழு நம்பிக்கை இருக்கு, அதனால ரெண்டு பக்கமும் சமமா எழுதற மாதிரி காட்டிக்கப் போறதில்ல.

மேடை ஏறினதும் முதல்ல என்ன சொல்லணும்?

கூட்டத்துல உக்காந்திருக்கறவங்க கோவம் நியாயமானதுனு சொல்லுங்க, அதுதான் முதல் வேலை. நிலம் போனவன், தண்ணி கெட்டுப் போனவன், பிள்ளைய ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு அலையறவன்கிட்ட போய் "அமைதியா இருங்கப்பா, வன்முறை தப்பு"னு ஆரம்பிச்சா அவன் காதை மூடிக்குவான், மூடிக்கணும்கூட, ஏன்னா அந்தப் பேச்சு அதிகாரி பேசற பேச்சு மாதிரியே கேக்குது. அகிம்சைக்காக நல்லா வாதாடினவங்க யாருமே அப்படி ஆரம்பிச்சதில்ல. உன் கோவம் சரி, இன்னும் அதிகமாவே கோவப்படலாம், ஆனா இந்தக் கோவத்தை எங்க செலவு பண்றதுனு சேந்து யோசிக்கலாம் வா, இப்படித்தான் அவங்க வாதம் போகும். கீழ வர்ற எல்லா பதில்லயும் இதையேதான் வேற வேற பக்கத்துல இருந்து சொல்லியிருக்கேன்.

அகிம்சைனா அடி வாங்கிட்டு சும்மா இருக்கறதுதானே, அது கோழைத்தனம் இல்லையா?

எல்லா கூட்டத்துலயும் பின்வரிசையில இருந்து ஒரு தம்பி கேட்டுருவான். இதுக்கு காந்தியே 1920ல பதில் எழுதிட்டாரு: கோழைத்தனம், வன்முறை இந்த ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்கணும்னா வன்முறையை எடுனுதான் சொல்வேன்னு. இதை வாதமா பாருங்க, எதிர்ல இருக்கறவன் கைல இருந்த பெரிய ஆயுதத்தை முதல் வரியிலயே அவன்கிட்ட இருந்து வாங்கிட்டாரு. அதுக்கு அப்புறம்தான் மூணாவது வழி ஒண்ணு இருக்கு, அதுக்கு ரெண்டையும் விட தைரியம் வேணும்னு சொல்றாரு.

நம்ம பக்கத்துலயே இதுக்கு உதாரணம் இருக்கு. தில்லையாடி வள்ளியம்மை, தென்னாப்பிரிக்காவுல பொறந்த பொண்ணு, குடும்பத்துக்கு சொந்த ஊர் தரங்கம்பாடி பக்கத்து தில்லையாடி. சத்தியாகிரகத்துல ஜெயிலுக்கு போய் காய்ச்சலோட வெளிய வந்து 1914 பிப்ரவரியில இறந்துட்டா, வயசு 16. ஜெயிலுக்குப் போனதுக்கு வருத்தப்படறியானு படுக்கையில இருந்த அவகிட்ட காந்தி கேட்டப்ப, இப்பவே மறுபடி பிடிச்சாலும் போகத் தயார்னு சொன்னதா அவரே எழுதி வெச்சிருக்காரு. கோழைனு சொல்றவங்ககிட்ட வேற வாதம் எதுவும் பண்ண வேணாம், இந்தப் பொண்ணைப் பத்தி சொல்லிட்டு ஒரு நிமிஷம் பேசாம நில்லுங்க.

நாம யாரைப் பாத்துப் பேசறோம், எதிராளியையா?

பாதிதான் சரி. மூணு பேர் கேக்கறாங்க: எதிராளி, நம்ம ஆளு, அப்புறம் வேடிக்கை பாக்கற மூணாவது ஆளு. பெரும்பாலும் முடிவு அந்த மூணாவது ஆளு கைலதான் இருக்கு.

1930 மார்ச் 2ஆம் தேதி காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு ஒரு கடிதம் எழுதினாரு, உப்புச் சட்டத்தை மீறப் போறேன்னு முன்கூட்டியே சொல்ற கடிதம். "அன்பு நண்பருக்கு"னு ஆரம்பிக்குது. ரெஜினால்ட் ரெனால்ட்ஸ்னு ஒரு இளைஞர்கிட்ட குடுத்து அனுப்பினாரு, அவர் இங்கிலீஷ்காரர், அதாவது எனக்கு வெள்ளைக்காரன் மேல பகை இல்லன்றதை வார்த்தையில சொல்லாம தூக்கிட்டுப் போற ஆள் மூலமாவே சொல்லிட்டாரு. உள்ள இருக்கறது கணக்கு: உங்க சம்பளம் மாசம் 21,000 ரூபாய், நாளைக்கு 700 ரூபாய், ஒரு சராசரி இந்தியனோட வருமானம் நாளைக்கு 2 அணாவுக்கும் கம்மி, அப்போ நீங்க வாங்கறது அவனை விட 5,000 மடங்குக்கு மேல. திட்டு ஒண்ணு கிடையாது. உங்களுக்கு தனிப்பட்ட முறையில வலிக்கணும்னு இதைச் சொல்லல, உங்க மேல மரியாதை இருக்கு, இந்த முறைதான் தப்புனும் எழுதறாரு. இர்வின் தரப்புல இருந்து நாலு வரி பதில்தான் வந்துச்சு. ஆனா அந்தக் கணக்கைப் படிச்ச ஒரு குமாஸ்தாவோ வாத்தியாரோ அப்புறம் எப்படி சும்மா இருப்பாங்க, அவங்களுக்கும் சேத்துத்தான் அந்தக் கடிதம்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்த வைக்கம் கதையும் இதேதான். 1924ல கோயிலைச் சுத்தி இருந்த தெருவுல நடக்கறதுக்கு எல்லாருக்கும் உரிமை வேணும்னு போராட்டம், பெரியார் ரெண்டு தடவை ஜெயிலுக்குப் போனாரு. அந்த வருஷம் நவம்பர்ல மன்னத்து பத்மநாபன் தலைமையில சாதி இந்துக்களே திருவனந்தபுரம் வரைக்கும் நடந்து போய் 25,000 பேருக்கு மேல கையெழுத்து போட்ட மனுவை மகாராணிகிட்ட குடுத்தாங்க. தடுக்கற பக்கம்தான்னு எல்லாரும் நினைச்ச ஆளுங்க இவங்க. அப்படியும் 1925 பிப்ரவரியில சட்டசபையில தீர்மானம் ஒரே ஒரு ஓட்டுல தோத்துச்சு, 22க்கு 21. கேக்க கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா அந்த 21 எங்கிருந்து வந்துச்சுனு யோசிச்சுப் பாருங்க.

பெரிய பெரிய அநியாயம் இருக்கறப்ப உப்பை ஏன் எடுத்தாங்க?

அன்னிக்கு காங்கிரஸ்லயே நிறைய பேருக்கு இந்தக் கேள்வி இருந்துச்சு. உப்பு எல்லா வீட்லயும் இருக்கு, எந்த சாதி எந்த மதம்னு பாக்காது, கடல்ல கிடைக்கறதுக்கு வரி எதுக்குனு குழந்தைக்குக்கூட புரியும். கடலூர் கடற்கரையில பொறந்தவங்களுக்கு நான் இதை விளக்கவே வேணாம். பிரச்சினை எவ்ளோ பெருசா வேணா இருக்கலாம், மேடையில கைல பிடிச்சுக் காட்ற மாதிரி ஒரு பொருளைத் தேடுங்க.

அப்புறம் அந்த நடை. மார்ச் 12ஆம் தேதி சபர்மதியில கிளம்பி தண்டி கடற்கரை வரைக்கும் 24 நாள் நடந்தாங்க. ரயில்ல போயிருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும், உலகத்துக்கு செய்தியே போயிருக்காது, மெதுவா நடந்ததால தினம் ஒரு ஊர்ல பேச்சு, தினம் பேப்பர்ல ஒரு செய்தி, அடுத்து என்ன ஆகும்னு ஜனங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. இங்க ராஜாஜி ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியில இருந்து வேதாரண்யத்துக்கு கிளம்பினாரு. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், இவங்களுக்கு சோறு போட்டா, தங்க இடம் குடுத்தா தண்டனைனு உத்தரவு போட்டாரு. ஜனங்க சோத்துப் பொட்டலத்தை மரக்கிளையில கட்டித் தொங்க விட்டதா சொல்வாங்க. அந்த உத்தரவே போராட்டத்துக்கு பெரிய பிரச்சாரமா ஆகிடுச்சு, சோறு போடறது குத்தம்னு சொல்ற அரசாங்கம் எப்படிப்பட்டதுனு எந்தப் பேச்சாளரும் எடுத்துச் சொல்லத் தேவைப்படல.

"இது நேரம் இல்ல, கொஞ்சம் பொறுங்க"னு சொல்றவங்களுக்கு என்ன பதில்?

இதுக்கு எனக்குத் தெரிஞ்சு மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரல்ல பர்மிங்காம் ஜெயில்ல இருந்து எழுதின கடிதத்தை விட நல்ல பதில் கிடையாது. எட்டு வெள்ளைக்கார மதகுருமார் சேந்து, நீங்க வெளியூர் ஆளு, போராட்டம் அவசரப்பட்டது, கோர்ட்டுல பாத்துக்கலாம்னு அறிக்கை விட்டாங்க. அவங்களுக்கு பதிலா எழுதினது, ஆரம்பத்துல பேப்பர் ஓரத்துல எல்லாம் எழுதினாரு.

அதுல ஒரு வாக்கியம் இருக்கு, 300 வார்த்தைக்கு மேல போகும். நாங்க 340 வருஷத்துக்கு மேல காத்திருக்கோம்னு சொல்லிட்டு ஆரம்பிக்கறாரு, கும்பல் உங்க அப்பா அம்மாவை அடிச்சுக் கொல்றதைப் பாக்கறப்ப, போலீஸ் உங்க அண்ணன் தம்பிய மிதிக்கறதைப் பாக்கறப்ப, டிவியில விளம்பரம் பாத்துட்டு அந்தப் பூங்காவுக்குப் போகணும்னு கேக்கற ஆறு வயசுப் பொண்ணுக்கு அங்க கறுப்புக் குழந்தைங்களை விடமாட்டாங்கனு சொல்ல நாக்கு வராம நிக்கறப்ப, இப்படி "அப்போ, அப்போ"னு போய்க்கிட்டே இருக்கு, முற்றுப்புள்ளியே வரல. படிக்கறவனுக்கு எப்போடா முடியும்னு மூச்சு முட்டும். கடைசியிலதான் "அப்போ புரியும் எங்களால ஏன் பொறுக்க முடியலனு" முடிக்கறாரு. காத்திருனு சொன்னவனை அந்த வாக்கியத்துக்குள்ளயே காத்திருக்க வெச்சிட்டாரு, படிக்கறப்பல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இன்னொண்ணு கவனிங்க, கூட்டத்துல எத்தனை பேர் பாதிக்கப்பட்டாங்கனு பொத்தாம்பொதுவா சொல்றதை விட அந்தப் பொண்ணு அழுததுதான் நிக்குது. நம்ம ஊர்லயும் "நிலத்தடி நீர் மாசு"னு பேசறதை நிறுத்திட்டு எந்தத் தெருவுல எந்த போர் தண்ணி என்ன கலர்ல வருதுனு சொல்லுங்க.

சட்டத்தை மீறறது தப்புதானே, எல்லாரும் மீற ஆரம்பிச்சா என்ன ஆகும்?

நியாயமான கேள்வி, இதைக் கேக்கறவங்களை ஆளுங்கட்சி ஆளுனு முத்திரை குத்தாதீங்க. அம்பேத்கரே 1949 நவம்பர் 25ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில, சட்டப்படியான வழி திறந்திருக்கறப்ப சத்தியாகிரகம் உட்பட இந்த முறைகளை விட்டுறணும்னு ரொம்ப கடுமையாவே பேசினாரு. அதே அம்பேத்கர்தான் 1927 மார்ச்ல மகாராஷ்டிராவுல மகாத்ன்ற ஊர்ல ஆயிரக்கணக்கான பேரோட போய் குளத்துத் தண்ணியைக் குடிச்சவர், அங்க அவர் வாதத்துக்கு பலமே அந்தக் குளம் எல்லாருக்கும் பொதுனு நகராட்சி ஏற்கனவே தீர்மானம் போட்டிருந்ததுதான், நாங்க சட்டத்தை மீறல, நீங்கதான் அமல்படுத்தாம இருக்கீங்கன்ற வாதம். இந்த வாதம் இன்னிக்கு நமக்கு ரொம்ப ஒத்து வரும். நிறைய பிரச்சினையில சட்டம் நம்ம பக்கம்தான் இருக்கு, நடைமுறையிலதான் இல்ல.

அப்படியும் மீறித்தான் ஆகணும்னா ஒளிஞ்சு மீறக் கூடாது, தண்டனையில இருந்து தப்பிக்கவும் கூடாது. 1922 மார்ச்ல அகமதாபாத் கோர்ட்டுல காந்தி, ஆமா நான் செஞ்சேன், அதிகபட்ச தண்டனை குடுங்கனு கேட்டாரு, நீதிபதி புரூம்ஃபீல்டு ஆறு வருஷம் குடுத்துட்டு மரியாதையா பேசினாரு. தண்டனையை ஏத்துக்கறவனைப் பாத்து "இவன் சட்டத்தையே மதிக்கல"னு யாரும் சொல்ல முடியாது. கிங் வரிசை ஒண்ணு சொல்வாரு: உண்மை விவரங்களை சேகரி, பேச்சுவார்த்தைக்குப் போ, அடிச்சா திருப்பி அடிக்காம இருக்க முடியுமானு உன்னையே தயார்படுத்து, அப்புறம்தான் தெருவுக்கு வா. நம்ம ஆளுங்க நாலாவதுல இருந்து ஆரம்பிக்கறாங்க.

உண்ணாவிரதம் ஒரு மிரட்டல்தானே?

சில நேரம் ஆமா. யாரை எதிர்த்து இருக்கீங்கன்றதைப் பொறுத்தது. 1932 செப்டம்பர்ல, தாழ்த்தப்பட்டவங்க பிரதிநிதியை அவங்களே ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கற தனி வாக்காளர் தொகுதியை (அம்பேத்கர் கேட்டது) எதிர்த்து காந்தி எரவாடா ஜெயில்ல உண்ணாவிரதம் இருந்தப்ப அழுத்தம் முழுக்க அம்பேத்கர் மேல விழுந்துச்சு, காந்தி செத்துட்டா ஊர் ஊரா பழி யார் மேல வரும்னு எல்லாருக்கும் தெரியும். 24ஆம் தேதி புனா ஒப்பந்தத்துல கையெழுத்தாச்சு. காந்தியை நான் மதிக்கறேன், ஆனா அந்த உண்ணாவிரதத்தை அகிம்சைக்கு உதாரணமா என் வகுப்புல நான் சொல்றதில்ல. நம்மள விட பலம் கம்மியா இருக்கறவங்களை நம்ம உயிரைக் காட்டி வளைக்கறது சம்மதம் ஆகாது. மணிப்பூர்ல இரோம் ஷர்மிளா 2000ல இருந்து 2016 வரைக்கும் இருந்தது ஆயுதப்படைக்கு அவ்ளோ அதிகாரம் குடுக்கற சட்டத்தை எதிர்த்து, அங்க யார் பலசாலினு கேள்வியே இல்ல.

எதிராளி மனசாட்சியே இல்லாதவனா இருந்தா? இட்லர் முன்னாடி இது நடக்குமா?

எல்லா இடத்துலயும் நடக்கும்னு மேடையில வாக்கு குடுக்காதீங்க, அது உண்மை இல்ல. ராத்திரியோட ராத்திரியா ஆளைத் தூக்கிட்டுப் போய் செய்தியே வெளிய வராத நாட்டுல வேடிக்கை பாக்கற மூணாவது ஆளே கிடையாது. ஆனா முழுசா கைவிடவும் வேணாம். 1943 பிப்ரவரி கடைசியில பெர்லின்ல யூதக் கணவர்களைப் பிடிச்சு வெச்சிருந்த ரோசென்ஸ்ட்ராஸ தெருக் கட்டடத்து முன்னாடி அவங்களோட ஜெர்மன் மனைவிங்க வந்து நின்னாங்க, துப்பாக்கிய காட்டியும் போகல, மார்ச்ல அங்க இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்களை விட்டுட்டாங்க. அந்தப் பெண்களால தான் விட்டாங்களானு வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் வாதாடறாங்க, அதையும் சேத்துச் சொல்லுங்க, மறைச்சா எவனாவது ஒருத்தன் எழுந்து சொல்வான்.

ஆயுதப் போராட்டம்தான் ஜெயிக்கும்னு சொல்றாங்களே, எண்ணிக்கை ஏதாவது இருக்கா?

எரிகா செனோவெத், மரியா ஸ்டீஃபன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1900ல இருந்து 2006 வரைக்கும் நடந்த 323 போராட்டங்களை எடுத்துப் பாத்தாங்க. ஆயுதம் இல்லாதது 53 சதவீதம் ஜெயிச்சிருக்கு, ஆயுதப் போராட்டம் 26 சதவீதம். காரணம் எளிமையானது: துப்பாக்கி தூக்க வயசுப் பசங்க சில பேர்தான் வருவாங்க, கடையை மூட, வேலைக்குப் போகாம இருக்க, தெருவுல உக்கார பாட்டியும் வரலாம் பள்ளிக்கூடப் பொண்ணும் வரலாம். ஆனா 2010க்கு அப்புறம் வெற்றி விகிதம் இறங்கியிருக்குனு செனோவெத்தே சொல்லியிருக்காங்க. எண்ணிக்கையை மட்டும் வெச்சு பேசாதீங்க, கோவத்துல இருக்கற ஆளு சதவீதத்தைக் கேட்டு உக்கார மாட்டான்.

நம்ம ஊர் உதாரணம் சொல்லுங்க, எப்பவும் தண்டி, அமெரிக்கானே போகுதே?

சந்தோஷமா சொல்றேன். கடலூர் முதுநகர் அஞ்சலை அம்மாள். 1857ல கொடூரம் பண்ண கர்னல் நீல் சிலையை சென்னை மவுண்ட் ரோட்டுல இருந்து எடுக்கணும்னு 1927ல போராட்டம் நடந்தப்ப மகள் அம்மாக்கண்ணையும் கூட்டிட்டுப் போனாங்க, அம்மா பொண்ணு ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போனாங்க. அப்போ அம்மாக்கண்ணு சின்னக் குழந்தை, காந்தி அவளுக்கு லீலாவதினு பேர் வெச்சு கூட்டிட்டுப் போனாரு. சிலை உடனே போகல, 1937ல ராஜாஜி ஆட்சியிலதான் அந்த இடத்தை விட்டுப் போச்சு. பெத்த பிள்ளையைக் கூட்டிட்டுப் போறது சரியானு அன்னிக்கும் கேட்டிருப்பாங்க, இன்னிக்கும் எங்க வகுப்புல கேக்கறாங்க, எனக்கு முழுசா பதில் இல்ல, ஆனா அதைப் பாத்துட்டு எத்தனை பெண்கள் வீட்டை விட்டு வெளிய வந்திருப்பாங்கனு நினைக்கறேன்.

புதுச்சேரியில 1936 ஜூலை 30ஆம் தேதி பஞ்சாலைத் தொழிலாளிங்க 12 பேரை பிரெஞ்சு அரசாங்கம் சுட்டுக் கொன்னுச்சு. அதுக்கு அப்புறம்தான் எட்டு மணி நேர வேலை அங்க சட்டமாச்சு. வருஷா வருஷம் அந்த நாள்ல அஞ்சலி செலுத்தறாங்களே, அங்க பேசறவங்க சாவைப் பத்தி மட்டும் பேசிட்டுப் போறாங்க, என்ன கேட்டு நின்னாங்க, வேலை நேரம் எவ்ளோ இருந்துச்சுனும் பேசணும், அப்பதான் கேக்கற பசங்களுக்கு வாதம் போய்ச் சேரும். கீழூர் கதையும் சொல்லுங்க, 1954 அக்டோபர் 18ஆம் தேதி 178 பிரதிநிதிகள் ஓட்டு போட்டதுல 170 பேர் இந்தியாவோட சேரணும்னு, 8 பேர் வேணாம்னு. அந்த எட்டு பேரும் ஓட்டு போட்டுட்டு வீட்டுக்குப் போக முடிஞ்சுது, எனக்கு அது பெருமையா இருக்கு.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் குடிகாடு, ஈச்சங்காடு மாதிரி ஊர்க்காரங்க செஞ்சதை நான் எல்லா வகுப்புலயும் சொல்வேன். நாத்தம் தாங்கலனு எவ்ளோ வருஷமா சொன்னாலும் "ஆதாரம் என்ன"னு கேட்டாங்க. 2004 வாக்குல மக்களே பிளாஸ்டிக் வாளியில செட் பண்ண கருவியில காத்தைப் பிடிச்சு லேபுக்கு அனுப்பினாங்க, எந்தத் தேதி எத்தனை மணிக்கு என்ன நாத்தம்னு குறிச்சு வெச்சாங்க. அதுக்கு முன்னாடி அது புலம்பல்னு ஒதுக்க முடிஞ்சுது, அப்புறம் அதுக்கு பதில் சொல்ல வேண்டியதா ஆச்சு.

கூட்டத்துல எவனோ ஒருத்தன் கல் எடுத்துட்டா எல்லாம் போச்சா?

2023 ஜூலையில நெய்வேலி பக்கம் வளையமாதேவியில, கதிர் வர்ற நேரத்துல நெல் வயல்ல வாய்க்கால் வெட்ட என்.எல்.சி. நிலக்கரி நிறுவனத்துக்காரங்க மெஷினை இறக்கினாங்க. அந்த வீடியோவை தமிழ்நாடே பாத்துச்சு. வாடிய பயிரைக் கண்டு வாடின வள்ளலார் நடந்த மாவட்டம் இது, யாரும் மேடை போட்டுப் பேச வேண்டிய அவசியமே இல்லாம பச்சைப் பயிரே பேசிச்சு. ரெண்டு நாள் கழிச்சு முற்றுகைப் போராட்டத்துல கல் பறந்துச்சு, போலீஸ் வண்டி நொறுங்கிச்சு, கண்ணீர்ப்புகை, வானத்தை நோக்கி துப்பாக்கிச்சூடு. அன்னிக்கு ராத்திரி டிவியில பயிரைக் காணோம், கல்லுதான் ஓடிச்சு. போலீஸ் பக்கம் என்ன தப்பு, யார் முதல்ல ஆரம்பிச்சாங்கன்ற விவாதத்துக்குள்ள நான் போகல, ஜனங்க எதைப் பத்திப் பேசணுமோ அந்தப் பேச்சு நம்ம கைய விட்டுப் போச்சுன்றதுதான் என் ஆத்திரம்.

எல்லாம் போயிடாது, ஆனா உடனே நம்ம மேடையில இருந்தே "இது எங்க வழி இல்ல"னு சொல்லணும். 1922 பிப்ரவரியில சௌரி சௌராவுல போலீஸ்காரங்களை ஸ்டேஷனோட எரிச்சப்ப காந்தி நாடு முழுக்க நடந்த இயக்கத்தையே நிறுத்தினாரு, நேரு உட்பட பல பேருக்கு கோவம். அந்த அளவுக்கு நிறுத்தணுமானு எனக்கும் கேள்வி உண்டு.

எதிராளியை கிண்டல் பண்ணிப் பேசினா கைத்தட்டல் வருதே?

வரும். நம்ம ஆளுங்க மட்டும் தட்டுவாங்க. அவனோட குடும்பம், உருவம், சாதி எதையும் தொடாதீங்க. நாளைக்கு பேச்சுவார்த்தை மேசையில அதே ஆளு எதிர்ல உக்காருவான்.

வாட்ஸாப்ல வர்ற காந்தி வாசகங்களை மேடையில சொல்லலாமா?

"முதல்ல உன்னைக் கண்டுக்க மாட்டாங்க, அப்புறம் சிரிப்பாங்க, அப்புறம் சண்டை போடுவாங்க, அப்புறம் நீ ஜெயிப்ப"னு ஒண்ணு சுத்துதே, அது காந்தி சொன்னதா எங்கயும் இல்ல. 1918ல அமெரிக்காவுல நிக்கோலஸ் கிளைன்னு ஒரு தொழிற்சங்கக்காரர் பேசினதுலதான் கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கு. ஒரு பொய் வாசகம் சிக்கினா நீங்க சொன்ன நல்ல கணக்கையும் சந்தேகப்படுவாங்க, சத்தியத்தை வெச்சு நடக்கற போராட்டத்துல இதுல அலட்சியமா இருக்கக் கூடாது.

இதெல்லாம் மேடைக்கு சரி, கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கற மனுவுக்கு?

மனுவும் பேச்சுதான். திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல குடுக்கற மனு பெரும்பாலும் "ஆவன செய்யுமாறு"னு முடியுது, எதைச் செய்யணும்னே அதுல இருக்காது. இர்வினுக்குப் போன கடிதத்தை மாதிரியா வெச்சுக்கங்க: மரியாதையா ஆரம்பிங்க, கணக்கைப் போடுங்க, என்ன வேணும்னு ஒரே வரியில கேளுங்க, எந்தத் தேதிக்குள்ள வேணும், இல்லனா நாங்க அமைதியா என்ன பண்ணுவோம், எங்க உக்காருவோம்னு முன்னாடியே சொல்லுங்க. மனு குடுத்ததுக்கு ரசீதும் நகலும் பத்திரமா வைங்க, அடுத்த கூட்டத்துல பேசறப்ப அதைத்தான் முதல்ல தூக்கிக் காட்டணும்.